படம் பிடிக்கும்போது திரை உறைந்தால்

ஈப்போவின் ஜெலாப்பாங், சிலிபின், மெங்லெம்பு தாமான்களில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் விஎச்எஸ் கேசட்டுகள் இருக்கின்றன. செம்மோர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கொண்டுவந்தவை அவை. அக்காவின் கல்யாணம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா எல்லாம் அதில் இருக்கும். அந்த லயமும் கோயிலும் இன்று இருந்த இடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். இவற்றைக் கணினிக்கு மாற்ற உட்காருகிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “கேப்சர் கார்டைச் சொருகினேன், படம் நல்லா வந்தது, கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரே ஹேங் ஆகிவிட்டது.”

உடனே கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்பார்கள், புதுக் கணினி வாங்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். திரை உறைவது கண்ணுக்குத் தெரிகிற இடம். கோளாறு அநேகமாக அதற்கு முன்னாலேயே, டேப்பிலோ வயரிலோ கேப்சர் கார்டிலோ யுஎஸ்பி துளையிலோ வன்வட்டிலோ இருக்கும். கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் ஒரு கண்டிப்பான விதி: கோளாறு தீரும்வரை குடும்பத்துக் கேசட்டைப் பிளேயரில் போடாதீர்கள். பழைய டேப் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேய்கிறது, நிறுத்தி நிறுத்திச் சுற்றும்போது இன்னும் அதிகமாக. இன்னும் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளேயரும் புதிதாகக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. சோதனைக்கு, டிவியிலிருந்து பதிவு செய்த, யாருக்கும் இனி வேண்டாத கேசட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய சினிமாக் கேசட் இதற்கு உதவாது. பலவற்றில் நகல் எடுக்கவிடாத தடுப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அதைப் போட்டால் படம் இருண்டு இருண்டு தெரியும், அல்லது கார்டு படத்தையே மறுக்கும். எது கோளாறு, எது தடுப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

எது நின்றது?

படம் அசையாமல் நின்றதும் விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டுங்கள். விளக்கு எரிந்து, மறுபடி தட்டினால் அணைகிறது என்றால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. விளக்கில்லாத மடிக்கணினியானால் சுட்டியை அசைத்துப் பாருங்கள், மூலையில் கடிகாரம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கடிகாரம் ஓடி, பதிவுச் செயலியின் சன்னல் மட்டும் நின்றிருந்தால் அது கார்டிலிருந்து படம் வராமல் செயலி காத்துக் கிடப்பது. டாஸ்க் மேனேஜரில் மூடப் பார்த்தால் சில நேரம் மூட மறுக்கும். செயலி கார்டின் டிரைவருக்குள் மாட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். அப்போது கார்டை யுஎஸ்பியிலிருந்து உருவி எடுங்கள். பெரும்பாலும் செயலி விடுபட்டுவிடும். அதுவரை பதிவானது பிழைக்குமா என்பது கோப்பின் வகையைப் பொறுத்தது. எம்பி4 கோப்பு முறையாக முடித்து எழுதப்படாவிட்டால் திறக்காது. எம்கேவி ஆனால் உறைந்த இடம்வரை இருக்கும். ஓபிஎஸ் என்ற பதிவுச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அமைப்பில் எம்கேவி என்று வைத்துக்கொண்டு, பதிவு முடிந்தபின் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரக் கல்யாண டேப்பில் எண்பதாவது நிமிடத்தில் திரை உறைந்தால் இதன் அருமை புரியும்.

கேப்ஸ் லாக் வேலை செய்கிறது, ஆனால் சுட்டி உட்பட முழுத்திரையும் அசையவில்லை என்றால் கோளாறு காட்சிப் பக்கம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) விசையைத் தட்டுங்கள். திரை ஒருமுறை இருண்டு திரும்பும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்த கோப்புகளுக்கு ஆபத்தில்லை. விண்டோஸ் தானாகவும் இதைச் செய்வதுண்டு: கிராபிக்ஸ் கார்டு 2 வினாடிக்குமேல் பதில் தராவிட்டால் டிரைவரை மீட்டுத் தொடங்கும். அது நடந்ததா என்று ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியில் பார்க்கலாம். 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும்.

கேப்ஸ் லாக்கும் செத்துவிட்டது என்றால்தான் மொத்தக் கணினியும் நின்றது என்று அர்த்தம். அப்போதும் சில நிமிடம் பொறுங்கள். வன்வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் எழுத்து வேலை பாக்கி இருக்கலாம். அசைவே இல்லையென்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி தொடங்கியதும் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண் இருக்கும். அது ‘ஒழுங்காக அணைக்கப்படவில்லை’ என்பதற்கான குறிப்புதான். காரணம் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கலாம், அவற்றைப் படியுங்கள்.

இரண்டு எண்கள்

ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வையுங்கள். கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றி, பிளேயரின் கவுன்டரைச் சுழியமாக்கிப் பதிவைத் தொடங்குங்கள். உறைந்ததும் இரண்டு எண்களைக் குறியுங்கள்: பதிவு தொடங்கி எத்தனை நிமிடம், பிளேயர் கவுன்டரில் என்ன எண். பிறகு டேப்பை நடுவிலிருந்து ஓட்டி மறுபடி பதிவு செய்து, மறுபடி குறியுங்கள். இந்தச் சோதனை ஒன்றே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

எங்கிருந்து தொடங்கினாலும் கவுன்டரில் ஒரே எண்ணில் உறைந்தால் காரணம் டேப்பின் அந்த இடம். கவுன்டர் எதுவானாலும் தொடங்கி ஏறக்குறைய அதே நிமிடத்தில் உறைந்தால் காரணம் கணினிப் பக்கம்: மின்சேமிப்பு அமைப்பு, கோப்பு அளவு வரம்பு, சூடு. எந்த ஒழுங்குமில்லாமல் உறைந்தால் வயர், துளை, மின்சாரம். மஞ்சள் முனை வயரை முறுக்கிப் பார்த்தால் படம் துடிக்கிறதா? நம் ஊர் ஈரக்காற்றில் பழைய ஆர்சிஏ முனைகள் கறுத்துப்போகும். அழிரப்பரால் துடைத்தாலோ புது வயர் வாங்கினாலோ தீர்ந்துவிடும்.

டேப்பின் குறிப்பிட்ட இடத்தில்தான் என்றால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்ப டேப்புகளில் நிகழ்வதில் பெரும்பகுதி இதுவே.

கல்யாணம் முடிந்து கேசட்டில் மிச்சம் இருந்த இடத்தில், பிறகொரு நாள் ஆர்டிஎம்மில் போட்ட தமிழ்ப்படத்தை யாராவது பதிவு செய்திருப்பார்கள். இரண்டு பதிவுக்கும் நடுவே சில வினாடி வெற்று டேப். பிளேயரின் நேரக் கவுன்டர், பதிவில்லாத அந்த இடத்தில் ஓடாமல் நிற்பதைக் கவனிக்கலாம். ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்புகள் வீடியோ சைகையில் இருக்கின்றன. வெற்று இடத்தில் அவை இல்லை. கசங்கிய இடத்தில் அவை முன்பின்னாக வருகின்றன. பழைய குழாய் டிவி இதைத் தாங்கிக்கொள்ளும். படம் ஒரு குலுக்கல் குலுங்கித் திரும்பும். கேப்சர் கார்டுக்குள் இருக்கும் சிறிய சில்லு அப்படியல்ல. துடிப்பைத் தவறவிட்டதும் படம் அனுப்புவதை நிறுத்திவிடும். மலிவான கார்டுகளில் சில, துடிப்பு திரும்பி வந்தாலும் மறுபடி விழிப்பதில்லை.

பிளேயரின் மெனுவில் ‘புளூ பேக்’ அல்லது நீலத்திரை என்று ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால், டேப்பில் சைகை இல்லாத இடத்தில் பிளேயரே ஒழுங்கான நீலத்திரையை அனுப்பும், கார்டு உறையாது. ஆனால் படம் மங்கலாக, புள்ளி விழுந்த இடங்களையும் அது நீலத்தால் மூடிவிடும். நடுவில் வெற்று இடமுள்ள டேப்புக்கு இயக்குங்கள். தேய்ந்துபோன டேப்புக்கு அணைத்துவிடுங்கள்.

இன்னும் உறுதியான வழி, பிளேயருக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைப்பது. டிவிடி பிளேயர் போதாது; பதிவு செய்யும் வகையாக, வீடியோ உள்ளிடும் துளை உள்ளதாக இருக்க வேண்டும். குலுங்கி வரும் வரிகளை அது தன் நினைவகத்தில் வாங்கி, ஒழுங்குபடுத்தி வெளியே தரும். பானாசோனிக்கின் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 இரண்டும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. தட்டுப் பகுதி கெட்டிருந்தாலும் பரவாயில்லை, சைகை உள்ளே போய் வெளியே வந்தால் போதும். பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். புதுக் கணினிக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

செயலியில் பால், என்டிஎஸ்சி என்ற தேர்வையும் பாருங்கள். மலேசியா, சிங்கப்பூர், இந்தியாவில் பதிவான டேப்புகள் பால் முறை: 625 வரி, வினாடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியது என்டிஎஸ்சி. பல கார்டுகள் வாங்கும்போதே என்டிஎஸ்சியில் இருக்கும். தவறான முறையில் படம் உருளும், நிறம் போகும், சிலவற்றில் அப்படியே உறையும்.

பூஞ்சணம் வேறு விஷயம். கேசட்டின் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சுற்றிய டேப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். அது கறுப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக மாவு படிந்தாற்போலவோ சிலந்திவலை போலவோ இருந்தால் பூஞ்சணம். பக்கத்துப் பொத்தானை அழுத்தி முன்கதவைத் தூக்கியும் பார்க்கலாம். அப்படிப்பட்ட கேசட்டைப் பிளேயரில் போடவே கூடாது. போட்டால் அந்தப் பொடி ஹெட்டில் ஏறி, படம் பனி பெய்ததுபோல ஆகி, கார்டு உறையும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஹெட் அழுக்கானால்: ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை, ஹெட் உள்ள உருளையின்மேல் அசையாமல் பிடித்து, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும், பிளேயர் போய்விடும். பஞ்சுக் குச்சியும் ஆகாது; நூல் சிக்கும்.

எப்போதும் அதே நிமிடத்தில் என்றால்

மூன்றரை நிமிடத்தில் நிற்கிறதா? அப்படியானால் பதிவு போகும் வட்டைப் பாருங்கள். பால் படம் ஒன்று 720 புள்ளி அகலம், 576 உயரம். சுருக்காமல் பதிந்தால் வினாடிக்குச் சுமார் 20.7 மெகாபைட் சேரும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 கிகாபைட். பெண்டிரைவ்கள் பலவும் ஃபேட்32 அமைப்பில் வருகின்றன. அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டால் 207 வினாடி. வட்டை என்டிஎஃப்எஸ் ஆக வடிவமைத்தால் இது தீரும். வடிவமைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முன்னதாக எடுத்து வையுங்கள்.

கோப்பை டெஸ்க்டாப்பில் சேமிக்க வேண்டாம். ஒன்டிரைவ் காப்புநகல் இயங்கினால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே இணையத்துக்கு ஏற்றப் பார்க்கும். தனி வட்டில் ஒரு கோப்புறை உருவாக்கி, வைரஸ் தடுப்புச் செயலி அதைச் சோதிக்காதபடி விலக்கு கொடுங்கள்.

பத்து, பதினைந்து, முப்பது என்று முழு நிமிடங்களில் நின்றால் அது மின்சேமிப்பு. விண்டோஸின் பவர் அமைப்பில் தூக்கத்தையும் திரை அணைப்பையும் ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள். ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ பண்பிலும் ‘மின்சாரம் சேமிக்க அணைக்கலாம்’ என்ற கட்டத்தில் குறியை எடுங்கள்.

அரைமணி, முக்கால்மணி ஆனபின் தொட முடியாத அளவு கார்டு சுட்டால், சூடு. பெண்டிரைவ் அளவுப் பெட்டிக்குள் காற்று போக வழியில்லை. சின்ன மேசை விசிறியை அதன் பக்கம் திருப்புங்கள், குட்டை யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு மடிக்கணினியின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். மத்தியான வெயிலில் தகரக் கூரை அடியில் உட்கார்ந்து பதிய வேண்டாம், இரவில் செய்யுங்கள்.

ஒழுங்கில்லாமல் உறைந்தால்

கார்டுக்குத் தனித் துளை வேண்டும். யுஎஸ்பி 2.0 வழியில், தொடர்ந்து ஓடும் வீடியோவுக்கென்று ஒரு கருவி ஒதுக்கிக்கொள்ளக்கூடிய அதிகபட்ச வேகம் வினாடிக்கு 24.6 மெகாபைட்டைத் தாண்டாது. நம் பால் படம் அதில் 20.7-ஐ எடுத்துக்கொள்கிறது. ஒரே ஹப்பில் வெப்கேமராவையும் வெளி வன்வட்டையும் சேர்த்துச் சொருகினால் மீதி எங்கே? மேசைக் கணினியானால் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள். ஹப், முன்பக்கத் துளை, மூன்று மீட்டர் நீட்டிப்பு எல்லாம் வேண்டாம்.

ஸூம், டீம்ஸ், உலாவி எல்லாவற்றையும் மூடுங்கள். கேப்சர் கார்டு கணினிக்குக் கேமராவாகவே தெரியும். வேறொரு செயலி அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் செயலிக்குக் கறுப்புத் திரையோ உறைந்த படமோதான் கிடைக்கும். அமைப்பில் கேமரா, மைக்ரோஃபோன் அனுமதி இரண்டும் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

டிரைவர் சிக்கல் பழைய கார்டுகளில் வரும். விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு, பழைய டிரைவர்களை ஏற்றவிடாது. அதை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எளிதாகக் கிடைக்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அப்படிச் செய்யாதீர்கள். டிரைவர் தனியாகத் தேவைப்படாத யுவிசி வகைக் கார்டு வாங்குங்கள். அல்லது வீட்டில் ஒதுக்கிப்போட்ட பழைய விண்டோஸ் 7 கணினி இருந்தால், இணையத்தோடு இணைக்காமல் இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பல வீடுகளில் இந்த வேலைக்குத் தகுந்த கணினி ஒன்று சும்மா கிடக்கும்.

மேசைக் கணினிக்குள் பொருத்தும் பிடி878 சில்லுள்ள பழைய டிவி கார்டு கையில் இருந்தால், அதன் செயலியில் ‘ஓவர்லே’ என்பதைவிட்டு ‘பிரிவியூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓவர்லேயில் கார்டு, படத்தை நேராகக் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் எழுதும். இரண்டும் ஒத்துப்போகாதபோது கேப்ஸ் லாக் உட்பட எல்லாமே நின்றுவிடும்.

கோயில் மண்டபத்தில் நேரலை

கல்லுமலை தைப்பூசத்தையோ தாமான் கோயிலின் திருவிழாவையோ கேமரா, எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு, மடிக்கணினி வைத்து ஒளிபரப்புகிறவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல்கள். மலிவான எச்டிஎம்ஐ கார்டுகளில் பரவலாக இருப்பது எம்எஸ்2109 என்ற சில்லு. முனை நீல நிறத்தில் இருந்தாலும் அது யுஎஸ்பி 2.0-தான். 1920×1080 அளவில் ஒய்யுஒய்2 வடிவம் தேர்ந்தால் வினாடிக்கு 5 படம்தான் தரும். பார்ப்பவருக்கு உறைந்து உறைந்து நகர்வதுபோல் இருக்கும். ஓபிஎஸ்ஸில் வடிவத்தை எம்ஜேபெக் என்று மாற்றினால் 30 படம் வரும். கோளாறு என்று நினைத்துத் தூக்கிப்போடப்படும் கார்டுகளில் பலவற்றுக்கு இந்த ஒரு மாற்றம் போதும்.

கணினித் திரையைக் கார்டின் ‘லூப் அவுட்’ துளை வழியாக இணைத்திருந்தால், கார்டு நின்றதும் திரையும் நிற்கும். கணினி ஓடிக்கொண்டே இருக்கும். மானிட்டரைக் கணினியில் நேராகச் சொருகுங்கள். கேமராவில் தானாக அணையும் நேரத்தை நீக்குங்கள். ஒளிபரப்பின் நடுவே யாரும் கேமரா மெனுவைத் தொடக்கூடாது: படம் எடுக்கும் முறை மாறினால் எச்டிஎம்ஐ சைகை அறுந்து மறுபடி ஒட்டும், அந்த இடைவெளியில்தான் கார்டு உறையும். ஆஸ்ட்ரோ பெட்டியை இணைத்துக் கறுப்புத் திரை வந்தால் அது உறைவல்ல, நகல் தடுப்பு. அதற்கு வைத்தியம் தேட வேண்டாம்.

மழைக்கு முன்

ஈப்போ பக்கம் மாலை இடிமழை எல்லாருக்கும் தெரிந்தது. பிளேயரின் பின்னால் இன்னும் ஏரியல் வயர் சொருகியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். 2019 அக்டோபரோடு மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முடிந்துவிட்டது, அந்த வயரால் இனிப் பயனில்லை. மின்னல் வந்தால் பிளேயருக்கும் கார்டுக்கும் கணினிக்கும் அது நேர்வழி. இடி கேட்கத் தொடங்கினால் பதிவை முறையாக நிறுத்தி, எல்லா பிளக்கையும் உருவுங்கள். பிளேயர், கணினி, மானிட்டர் மூன்றையும் மூன்று முனை பிளக்கோடு ஒரே நீட்டிப்புப் பலகையில் வையுங்கள்.

சோதனைக் கேசட் தொடக்கம் முதல் கடைசிவரை உறையாமல் ஓடி, கோப்பும் திறந்து, ஒலியும் உதட்டோடு ஒத்துப்போகிறது என்றால் குடும்பத்துக் கேசட்டை எடுங்கள். ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த டேப்பின் இறுக்கம் சமமாகும். பதிவை முதலில் தொடங்கி, பிறகு பிளேயரை ஓட்டுங்கள். பதிவு முடிந்ததும் கோப்பை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகலெடுங்கள். கேசட்டின் பின்பக்கத்து நெகிழித் தாவல் உடைக்கப்படாமல் இருந்தால், யாரும் மேலே பதிந்துவிடாதபடி அதை உடைத்து, பெயரும் ஆண்டும் எழுதி, நிமிர்த்தி வையுங்கள்.